ராமநாதபுரம் கரையின் பழைய புயல்களை மெஷின் லேர்னிங்கில் ஆராய: முதன்முறை இறங்குபவர்களுக்கு

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரைப் பக்கம் இப்போது நிறையப் பிள்ளைகள் டேட்டா சயின்ஸ் படிக்கிறார்கள். புராஜெக்ட் என்று வந்துவிட்டால் வீட்டு விலை, பங்குச் சந்தை என்று எல்லோரும் எடுப்பதையே எடுக்கிறார்கள். நம் கரையை அடித்த புயல்களை எடுத்துப் படிக்கலாமே என்று கேட்டால், "தரவு எங்கே கிடைக்கும், செலவு எவ்வளவு ஆகும், சாதாரண லேப்டாப் தாங்குமா?" என்று தயங்குகிறார்கள். இந்த வேலையைச் செய்து முடிக்க நான் பட்ட பாடு இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மாடல், அதாவது தரவிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் நிரல், எழுதுவது இதில் சின்ன வேலை. உங்கள் நேரத்தில் பெரும்பகுதி தரவை வாங்கவும், அது உண்மையைச் சொல்கிறதா என்று நம் ஊர்ப் பதிவுகளோடு வைத்துப் பார்க்கவும்தான் போகும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

1. கேள்வியை முதலில் சுருக்குங்கள்

"பழங்கால வானிலையை ஏ.ஐ. மூலம் ஆராய்தல்" என்று தலைப்பு வைத்தால் ஒரு செமஸ்டரில் முடிக்க முடியாது. எந்தக் கடல், எந்த மாதங்கள், எந்தக் காலம் என்ற மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். நம் கரைக்கு நான் சொல்வது இது: வடக்கு அட்சரேகை 5 முதல் 15 வரை, கிழக்கு தீர்க்கரேகை 75 முதல் 95 வரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, 1940 முதல் 2024 வரை. அந்தமான் பக்கம் உருவாகி இலங்கையைத் தாண்டி வருகிற புயல்கள் இந்தப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

ராமநாதபுரம் கரையை நேராகக் கடந்த புயல்களை மட்டும் எடுக்கலாம் என்று தோன்றும். அது வேண்டாம். அவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதை வைத்து எந்த மாடலும் எதையும் கற்றுக்கொள்ளாது. வங்கக் கடலின் தென்பகுதி முழுவதையும் வைத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு, நம் கரையைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் கேளுங்கள்.

2. கணக்குகளும் கடிதங்களும்

இணையத்தில் கிடைப்பவற்றுக்குக் காசு இல்லை, பதிவு செய்தால் போதும்.

முதலில் ஈ.ஆர்.ஏ.5. ஐரோப்பிய வானிலை மையம் தருகிற மறுபகுப்பாய்வுத் தரவு இது, அதாவது பழைய அவதானிப்புகளையும் வானிலை மாடலையும் சேர்த்துக் கட்டிய வரைபடங்கள். 1940 முதல் இன்றுவரை மணிக்கு ஒன்று, கால் டிகிரி கட்டங்களில் இருக்கிறது. கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவுக் கிடங்கில் கணக்குத் தொடங்கி, அந்தந்தத் தரவுப் பக்கத்தில் உரிமத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். உரிமத்தை ஏற்காமல் கோரிக்கை அனுப்பினால் பிழைதான் வரும். உங்கள் கணக்குப் பக்கத்தில் ஒரு சாவி இருக்கும், அதை உங்கள் கணினியில் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள சிறு கோப்பில் சேமிக்கச் சொல்வார்கள். விண்டோஸில் நோட்பேட் அந்தப் பெயருக்குப் பின்னால் சத்தமில்லாமல் டி.எக்ஸ்.டி. என்று ஒட்டிவிடும். பெயர் சரியாக இருப்பதுபோலத்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் எதுவும் வேலை செய்யாது. கோப்பு நீட்டிப்புகளைக் காட்டும் அமைப்பை ஆன் செய்துவிட்டுப் பாருங்கள். அந்தச் சாவியை வாட்ஸ்அப் குழுவில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அடுத்து புயல் பாதைகள். அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவா வெளியிடும் ஐபிட்ராக்ஸ் தொகுப்பில் உலகப் புயல்கள் எல்லாம் இருக்கின்றன, கணக்கே தேவையில்லை. அதோடு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சைக்ளோன் ஈ-அட்லஸையும் பாருங்கள், 1891 முதல் வங்கக் கடல், அரபிக் கடல் புயல்கள் வகை வாரியாக இருக்கும். மழைக்கு, அதே துறையின் புனே அலுவலகம் 1901 முதல் கால் டிகிரி கட்டங்களில் தினசரி மழையளவைத் தருகிறது, அதுவும் இலவசம்தான்.

கடிதம் தேவைப்படுவது நிலையத் தரவுக்கு. பாம்பன் வானிலை நிலையத்தின் பழைய காற்றழுத்தம், காற்று வேகம் வேண்டுமென்றால் புனேயின் தரவு வழங்கல் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் சான்று, துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம், இந்தத் தரவை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டேன் என்ற உறுதிமொழி, ஆள் அடையாள அட்டை ஆகியவற்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும், அதனால் பணம் கட்டும் முன் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைப் புராஜெக்ட் தொடங்கும் முதல் வாரத்திலேயே அனுப்பிவிட வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்துக்கே சில சமயம் ஒரு வாரம் போய்விடும்.

உள்ளூர்ப் பதிவுக்கு இன்னொரு வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். தாலுகா மழைமானிப் பதிவேடு, விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காத நாட்கள் போன்றவற்றைக் கேட்கலாம். வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "ஏன்", "எப்படி" என்று கேட்காமல், "இந்த ஊர், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, பதிவேட்டின் நகல்" என்று கேட்டால்தான் காரியம் நடக்கும். டோக்கன் கொடுக்காத நாளெல்லாம் புயல் நாள் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். வேலைநிறுத்தம் இருந்திருக்கலாம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வேறு இருக்கிறது.

3. பதிவிறக்கம்: எவ்வளவு ஜிபி, எவ்வளவு நேரம்

இங்கேதான் பலர் பயந்து ஓடிவிடுகிறார்கள், பயப்பட ஒன்றுமே இல்லை. நாம் எடுத்த பெட்டியில் கால் டிகிரிக்கு ஒரு புள்ளி என்றால் 3321 புள்ளிகள். மூன்று மாதம், ஆறு மணிக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 368 நேரங்கள். கிரிப் என்ற வானிலைக் கோப்பு வடிவில் ஒரு அளவீட்டுக்கு ஆண்டுக்கு இரண்டரை எம்பி கூட வராது. 1940 முதல் 2024 வரை எடுத்தாலும் ஒரு அளவீட்டுக்கு 200 எம்பி அளவுதான். கடல்மட்டக் காற்றழுத்தம், கடல் மேற்பரப்பு வெப்பநிலை, 850 மட்டத்தில் (காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கல் ஆக இருக்கும் உயரம்) சுழற்சி, 850 மற்றும் 200 மட்டங்களில் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்குக் காற்று, 600 மட்டத்தில் ஈரப்பதம் என்று எட்டையும் எடுத்தால் ஒன்றே முக்கால் ஜிபி. போன் ஹாட்ஸ்பாட்டிலேயே இறக்கிவிடலாம்.

நேரம்தான் நம் கையில் இல்லை. கோரிக்கை வரிசையில் நிற்கும், சில நிமிடத்திலும் வரும், மறுநாளும் வரும், அழுத்த மட்டத் தரவு பெரும்பாலும் தாமதம்தான். எண்பத்தைந்து ஆண்டையும் ஒரே கோரிக்கையில் கேட்டால் நிராகரிப்பார்கள் அல்லது வரிசையின் கடைசியில் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு கோரிக்கையாகப் பிரித்து, இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள், கோப்பு ஏற்கெனவே இருந்தால் தாண்டிப் போகும்படி நிரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மின்சாரம் போனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

இந்த இடத்தில் வழுக்குகிற விஷயங்கள் சில உண்டு. எல்லையைக் கொடுக்கும்போது வரிசை வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு. அதாவது 15, 75, 5, 95. ஈ.ஆர்.ஏ.5 கோப்பில் அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்கும், அதனால் எக்ஸ்அரே என்ற பைத்தான் நூலகத்தில் 5 முதல் 15 என்று வெட்டினால் வெறுமையான தரவு வரும், 15 முதல் 5 என்று கேட்க வேண்டும். அப்புறம், யாராவது சீனியர் பழைய ஹார்ட் டிஸ்க்கில் 1950 முதல் 1978 வரையான ஈ.ஆர்.ஏ.5 தருகிறேன் என்றால் எப்போது இறக்கியது என்று கேளுங்கள். அந்தக் காலத்துக்கு முதலில் ஒரு முன்னோட்டப் பதிப்பு வந்தது, அதில் சில வெப்பமண்டலப் புயல்கள் இயல்புக்கு மீறி வலுவாக இருந்தன, பிறகு 1940 முதலான ஆண்டுகளுக்குத் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். நம் வேலையே புயல் பற்றியது என்பதால் பழைய பதிப்பைத் தொடவே வேண்டாம்.

4. 1964-ஐ வைத்துச் சோதியுங்கள்

மாடல் பக்கம் போகும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலின் வரைபடத்தை நீங்களே வரைந்து பாருங்கள். தரவில் உள்ள நேரம் உலகப் பொது நேரம், நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். கோப்பில் 22ஆம் தேதி 18 மணி என்று இருப்பது நமக்கு இரவு பதினொன்றரை. அந்த நேரத்துக் காற்றழுத்தத்தைச் சம அழுத்தக் கோடுகளாகப் போட்டால், இலங்கையைக் கடந்து வந்த தாழ்வின் மையம் நம் கரைப் பக்கம் தெரிய வேண்டும். வேறெங்கோ தெரிந்தால் நேரத்தையும் அட்சரேகை வரிசையையும் முதலில் சரிபாருங்கள்.

அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் இந்தத் தரவின் எல்லையும் புரிந்துவிடும். கால் டிகிரி என்பது நம் அட்சரேகையில் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர். பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை ராமேஸ்வரம் தீவு முழுவதும் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் போய்விடுகிறது. ரயிலையே கடல் கொண்டுபோன அந்த இரவின் காற்று வேகம் இந்தக் கட்டங்களில் உண்மையைவிடக் குறைவாகத்தான் தெரியும், ஏனென்றால் புயலின் கண்ணைச் சுற்றியுள்ள கடுங்காற்று வளையத்தை இவ்வளவு பெரிய கட்டம் பிடிக்காது. அதனால் "ஈ.ஆர்.ஏ.5 படி காற்று வேகம் இவ்வளவு" என்று அறிக்கையில் எழுதாதீர்கள். புயல் எங்கே இருந்தது, சுற்றியிருந்த சூழல் எப்படி இருந்தது என்பதற்கு மட்டும் அதை நம்பலாம். கடல் ஊருக்குள் ஏறிய உயரமும் இதில் கிடையாது, அதற்குத் தனியாக நீர் எழுச்சி மாடல் வேண்டும்.

மழைக்கும் இதே கதைதான். 2024 நவம்பர் 20 ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அப்படி ஒரு சிறு இடத்தில் கொட்டும் மழை கட்டத்தின் சராசரியில் கரைந்துவிடும். வானிலைத் துறையின் மழைநாள் காலை எட்டரைக்கு முடிகிறது என்பதையும் மறக்காதீர்கள். 23ஆம் தேதி மழை என்று பதிவில் இருந்தால் அது 22 காலை எட்டரை முதல் 23 காலை எட்டரை வரை பெய்தது. ஈ.ஆர்.ஏ.5 மழையை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டி அதோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. புனே கட்டத் தரவில் நிலம் மட்டும்தான் உண்டு, கடல் கட்டங்களில் -999 என்று இருக்கும். உங்கள் ஊர் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்க்காமல் சராசரி எடுத்தால் மழை மைனஸில் வரும்.

நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். காற்று முதலில் வாடையாக (வடக்கு) இருந்ததா, கொண்டலாக (கிழக்கு) மாறியதா, எந்த நேரத்தில் கச்சான் (மேற்கு) பக்கம் திரும்பியது என்று ஒரு மூத்த மீனவரிடம் கேட்டு எழுதிக்கொண்டால், புயல் மையம் அந்த ஊருக்கு வடக்கே போனதா தெற்கே போனதா என்பதை வரைபடத்தோடு ஒப்பிடலாம். ஆனால் உறவுகளைப் பறிகொடுத்தவர்களிடம் பேசுகிறீர்கள், போன் ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். முதல் நாள் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள், அவர்கள் சம்மதித்தால் மறுபடி போங்கள்.

5. லேபிளும் மாடலும்

லேபிள் என்பது மாடல் கற்றுக்கொள்ள நாம் குறித்துக் கொடுக்கும் விடை. ஒவ்வொரு ஆறு மணி நேரப் படத்துக்கும் ஒரு கேள்வி: அடுத்த 48 மணி நேரத்தில் நம் பெட்டிக்குள் 34 நாட் (மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர்) அல்லது அதற்கு மேல் காற்று கொண்ட புயல் இருந்ததா? இருந்தால் 1, இல்லையென்றால் 0. இந்திய வானிலைத் துறை "சைக்ளோனிக் ஸ்டார்ம்" என்று பெயர் கொடுப்பது 34 நாட் வேகத்தில்தான். ஐபிட்ராக்ஸ் கோப்பில் இரண்டாவது வரியில் அலகுகள் இருக்கும், அதைத் தாண்டிவிட்டுப் படிக்க வேண்டும், இல்லையென்றால் எண்கள் எல்லாம் எழுத்தாக வந்து நிற்கும். டெல்லி மையத்தின் காற்று வேகம் மூன்று நிமிடச் சராசரி, அமெரிக்க மையத்தினுடையது ஒரு நிமிடச் சராசரி, இரண்டு நெடுவரிசைகளையும் கலக்காதீர்கள். பழைய ஆண்டுகளுக்குக் காற்று வேகம் இல்லாமல் இருக்கும், அங்கே ஈ-அட்லஸின் வகையை வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு 1980 முதல் 2010 வரை, சோதனைக்கு 2011 முதல் 2024 வரை. செயற்கைக்கோள் கண்காணிப்பு போதாத பழைய ஆண்டுகளில் பதிவாகாமல் தப்பிய புயல்கள் இருக்கலாம் என்பதால்தான் 1980-இல் தொடங்கச் சொல்கிறேன். தரவைக் குலுக்கிப்போட்டு எண்பதுக்கு இருபது என்று பிரிக்கவே கூடாது. ஒரே புயலின் காலைப் படம் பயிற்சியிலும் மாலைப் படம் சோதனையிலும் போய் விழும், மதிப்பெண் பிரமாதமாக வரும், அதற்கு ஒரு அர்த்தமும் இருக்காது. ஆண்டுவாரியாக மட்டும் பிரியுங்கள்.

முதல் மாடலுக்கு ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் கணிப்பைச் சேர்த்து விடை சொல்லும் முறை) போதும், ஜிபியு என்ற வேகக் கணிப்புச் சில்லு கூட வேண்டாம், எட்டு ஜிபி லேப்டாப்பிலேயே ஓடும். படத்தை அப்படியே கொடுத்து நியூரல் நெட்வொர்க் பழக்க ஆசை இருந்தால் கோலாப், காகிள் என்ற இணையத் தளங்களில் இலவச ஜிபியு கிடைக்கிறது. கோலாபில் இணைப்பு அறுந்து அமர்வு முடிந்தால் இறக்கிய கோப்புகள் போய்விடும், டிரைவில் சேமியுங்கள். "துல்லியம் 97 சதவீதம்" என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். நூற்றில் மூன்று படத்தில்தான் புயல் என்றால், எப்போதும் "இல்லை" என்று சொல்கிற மாடலுக்கும் 97 கிடைக்கும். வந்த புயல்களில் எத்தனையைப் பிடித்தது, சொன்ன புயல்களில் எத்தனை பொய் என்ற இரண்டையும் மட்டும் அறிக்கையில் எழுதுங்கள்.

கூகுளின் கிராஃப்காஸ்ட் மாதிரியான பெரிய ஏ.ஐ. வானிலை மாடல்களை எடுத்துப் பழைய காலத்துக்கு ஓடவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: அது 1979 முதல் 2017 வரையான வானிலையில் பயின்றது. இன்றைய உலகத்தை ஒத்த வானிலைக்கு அது நன்றாக ஓடும், ஆறாயிரம் ஆண்டுக்கு முந்தைய வெயிலில் என்ன செய்யும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

6. பின்னோக்கிப் போவது

ஒரே தாவலில் ஆறாயிரம் ஆண்டு போகாதீர்கள், படிப்படியாகப் போங்கள்.

முதலில் அதே ஈ.ஆர்.ஏ.5-இன் 1940 முதல் 1979 வரை. 1964 டிசம்பரை மாடல் பிடிக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது இருபதாம் நூற்றாண்டு மறுபகுப்பாய்வின் மூன்றாம் பதிப்பு, 1836 முதல் 2015 வரை இருக்கிறது. வளிமண்டல அவதானிப்புகளில் தரைமட்டக் காற்றழுத்தத்தை மட்டும் வைத்துக் கட்டியது, ஒவ்வொரு நேரத்துக்கும் 80 மாற்று வடிவங்கள் உண்டு. எல்லோரும் இறக்குவது அவற்றின் சராசரியை. சராசரியில் புயல் மழுங்கிப்போகும், ஏனென்றால் ஒவ்வொரு வடிவத்திலும் மையம் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும். இடம் இருந்தால் சில வடிவங்களையாவது தனித்தனியாக எடுத்து ஓட்டுங்கள், அவை ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதே எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அளவு.

அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் காலநிலை மாடல்களின் ஓட்டங்கள்தான். பழங்காலக் காலநிலையைப் பல மாடல்களில் ஓட்டி ஒப்பிடும் பி.எம்.ஐ.பி. திட்டத்தில் கி.பி. 850 முதல் 1849 வரையான ஆயிரம் ஆண்டு ஓட்டம், 6000 ஆண்டுக்கு முந்தைய ஓட்டம், 21,000 ஆண்டுக்கு முந்தைய பனியுகத்து ஓட்டம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டங்கள் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று பெரியவை, அதில் புயலைத் தேடினால் கிடைக்காது. தினசரித் தரவும் எல்லா மாடலுக்கும் இருக்காது. அதனால் இந்தக் கட்டத்துக்கு மாதச் சராசரியில் இயங்கும் இன்னொரு மாடலைத் தயாரியுங்கள்: அந்த மாதத்தின் கடல் வெப்பம், மேல் மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் இடையிலான காற்று வேறுபாடு, சுழற்சி, ஈரப்பதம் இப்படி இருந்தால் எத்தனை புயல் எதிர்பார்க்கலாம் என்பதற்குப் பாய்சான் ரெக்ரஷன் என்ற, எண்ணிக்கையைக் கணிக்கும் புள்ளியியல் முறை போதும்.

இதில் நாலு விஷயம் கவனம். கடல் வெப்பநிலையை அப்படியே கொடுக்காமல், வெப்பமண்டலக் கடல் முழுவதன் சராசரியிலிருந்து எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று கொடுங்கள், இல்லையென்றால் பழங்காலக் குளிர்ந்த கடலைப் பார்த்ததும் "புயலே இல்லை" என்று சொல்லிவிடும். ரேண்டம் ஃபாரஸ்ட் பயிற்சியில் காணாத எல்லைக்கு வெளியே போகவே போகாது என்பதும் நினைவில் இருக்கட்டும். இரண்டாவது, 6000 ஆண்டு ஓட்டத்தை ஈ.ஆர்.ஏ.5-ஓடு ஒப்பிடாதீர்கள், அதே மாடலின் 1850 நிலை ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள், அப்போதுதான் மாடலின் சொந்தக் கோணல் கழிந்துபோகும். மூன்றாவது, பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தின் நானோசெகண்ட் தேதி வடிவம் 1677-க்கு முன்னால் போகாது. கி.பி. 850 என்று கொடுத்ததும் பிழை வந்தால் சி.எஃப்.டைம் என்ற நூலகத்தை நிறுவுங்கள். சில மாடல்களில் லீப் வருடமே கிடையாது, சிலவற்றில் வருடத்துக்கு 360 நாள், அதையும் அது பார்த்துக்கொள்ளும்.

நாலாவது நம் ஊர்க்காரர்களுக்கே உரியது. 1480-இல் ஒரு புயல் அடித்து ராமேஸ்வரத்தை நிலத்திலிருந்து துண்டித்தது என்று நம் பக்கம் சொல்வார்கள். ஆயிரம் ஆண்டு ஓட்டத்தில் 1480-ஐத் திறந்து புயல் இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த ஓட்டத்தின் 1480 நிஜமான 1480 அல்ல. எரிமலை, சூரியன் போன்ற வெளித்தூண்டல்கள் மட்டும் உண்மையை ஒட்டியவை, அன்றாட வானிலை மாடல் தானாக உருட்டியது. அதில் புயல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் கதைக்குச் சான்றாகாது. ஒரு நூற்றாண்டில் புயலுக்குத் தோதான மாதங்கள் எத்தனை என்பது போன்ற கேள்விகளை மட்டும்தான் அதனிடம் கேட்கலாம்.

7. செலவும் கால அட்டவணையும்

தரவுக்கும் மென்பொருளுக்கும் செலவில்லை. இணைய பேக், ஒரு 64 ஜிபி பென் டிரைவ், தபால், ஜெராக்ஸ், ஊர் ஊராகப் போகும் பஸ் கட்டணம் என்று பார்த்தால் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். பாம்பன் நிலையத் தரவுக்கு விண்ணப்பித்தால் அந்தக் கட்டணம் தனி.

ஒரு செமஸ்டரில் முடிக்க வேண்டுமானால் முதல் வாரமே புனேக்கும் தகவல் உரிமைக்கும் விண்ணப்பங்களைப் போட்டுவிடுங்கள், பதில் வரும் வரை பதிவிறக்கம் ஓடட்டும். முதல் மாத இறுதிக்குள் 1964 வரைபடம் கையில் இருக்க வேண்டும், அது சரியாக வராதவரை மாடலைத் தொடாதீர்கள். இரண்டாம் மாதம் லேபிளும் மாடலும், மூன்றாம் மாதம் 1836 வரை பின்னோக்கி. ஆயிரம் ஆண்டு, ஆறாயிரம் ஆண்டு எல்லாம் நேரம் மிஞ்சினால் மட்டும். முதுகலை மாணவருக்கு 1836 வரை போனாலே நல்ல ஆய்வுதான். அறிக்கையில் ஒவ்வொரு தரவுக்கும் எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் இறக்கியது என்று எழுதுங்கள், உரிமத்தில் கேட்டிருக்கும் நன்றி வரியையும் அப்படியே சேருங்கள். தாலுகா அலுவலகத்திலிருந்து வந்த பதிவேட்டு நகல்களை ஸ்கேன் செய்து கல்லூரி நூலகத்திலும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், அடுத்த ஆண்டு வருகிற பிள்ளை அதே விண்ணப்பத்தை மறுபடி எழுத வேண்டியிருக்காது.